இரவு எங்கே நிற்பது? நாமக்கல் முதல் லே வரை ஒரு சின்ன கேம்பரின் ஹால்ட் கணக்கு

நாமக்கல்லிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போக வழி தேடி அலைய வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டே போகிறது. அதில் வடக்கே திரும்பினால் சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று அம்பாலா வரை கொண்டுபோய் விட்டுவிடும். அதன்பின் சண்டிகர் பக்கம் பிரிந்து மண்டி, மணாலி, லே. பகலில் ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. பொழுது சாய்ந்தால் வண்டியை எங்கே நிறுத்துவது, கைகால் கழுவத் தண்ணீர் எங்கே, விடிகாலையில் கழிவறைக்கு எங்கே போவது என்பவைதான் இப்படிப்பட்ட பயணத்தை நடத்துகின்றன. அதனால் இந்தப் பதிவில் காட்சிகளைப் பற்றி அதிகம் இருக்காது. நானும் மனைவியும் இரவுத் தங்கல்களை எப்படித் தேர்ந்தெடுத்தோம், அவற்றில் எவை நின்றன, எவை மாறின என்பதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாருதி ஈகோ, 1,197 சிசி பெட்ரோல் இன்ஜின். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே கூரையை வெட்டவில்லை, இருக்கையைப் பிடுங்கவில்லை. பின் இருக்கையை மடித்து, அதன்மேல் மூன்று பிளைவுட் பலகைகளை அடுக்கினால் இருவர் படுக்கலாம். காலையில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரத்தில் சாய்த்துக் கட்டிவிடலாம். பலகைக்கு அடியில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, ஒரு 12 வோல்ட் மின்விசிறி, ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர், ஒற்றை அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள். ஏ.சி. இல்லை, கழிவறை இல்லை, குளிக்க இடமில்லை. வண்டியில் இல்லாத இந்த மூன்றையும் தங்கும் இடம்தான் தர வேண்டும். பெரிய கேரவன் வைத்திருப்பவர்கள் எங்கு வேண்டுமானாலும் நின்றுவிடலாம். சின்ன வண்டிக்காரர்கள் அப்படி நிற்க முடியாது.

நோட்டும் சித்தப்பாவும்

கைப்பேசி வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போவது எனக்குச் சரிப்படவில்லை. நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். பக்கத்தின் நடுவில் அன்றைய தங்கல். அதற்கு மேலே, நாற்பது ஐம்பது கி.மீ. முன்னதாகவே நிற்கக்கூடிய ஓர் இடம். கீழே, அதே அளவு தள்ளிப் போய் நிற்கக்கூடிய இன்னோர் இடம். இந்த மூன்றும் கிடைக்காவிட்டால் அந்த நாளின் தூரத்தையே மாற்றினேன். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே கழிவறை, தண்ணீர், தரை, வெளிச்சம், சத்தம், பேசிய ஆளின் தொலைபேசி எண் என்று கட்டங்கள் போட்டேன்.

நோட்டு தயாரானதும் சங்ககிரியில் இருக்கும் சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். டெல்லி லைனில் ஆண்டுக்கணக்கில் லாரி ஓட்டியவர். நெடுஞ்சாலை இரண்டு வழியாக இருந்த காலத்திலிருந்தே 44-ஐத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். நான் பெருமையாகக் குறித்து வைத்திருந்த சில இடங்களைப் பென்சிலால் அடித்தார்.

"இந்த ஏரிக்கரையில் எதற்கு நிற்கப் போகிறாய், கண்ணு?"

"அமைதியாக இருக்கும் என்று குறித்தேன், சித்தப்பா."

"ஆளில்லாத இடத்தில் அமைதி பகலில்தான். ராத்திரியில் ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டினால் யாரைக் கூப்பிடுவாய்? நாலு லாரி நிற்கிற இடமாகப் பார். ஆனால் லாரிகளுக்கு நடுவே புகுந்து நிற்காதே. அவர்கள் மூன்று மணிக்கு இருட்டோடு ரிவர்ஸ் எடுப்பார்கள், உன் வண்டி கண்ணாடியில் தெரியாது. ஓரமாக, சுவர் பக்கம் நில்."

அவர் சொன்னதை அப்படியே நோட்டின் அட்டை உட்புறத்தில் எழுதிக்கொண்டேன். வண்டியின் முகப்பு எப்போதும் வெளியேறும் வழியைப் பார்த்திருக்க வேண்டும். டீசல் டேங்கர்கள் பக்கத்திலும், இன்ஜின் அணைக்காமல் குளிர்பதனம் ஓடும் கன்டெய்னர்கள் பக்கத்திலும் படுக்கக் கூடாது. பங்க்கில் நிற்பதானால் முதலில் பெட்ரோல் போட வேண்டும், பிறகு மேலாளரிடம் போய் அனுமதி கேட்க வேண்டும். காசு கொடுக்காமல் இடம் கேட்பவனை யாரும் விரும்புவதில்லை. சாவி ஒரே ஆணியில் தொங்க வேண்டும், இருட்டில் கையை நீட்டினால் அகப்பட வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் முரைனாவுக்கும் ராஜஸ்தானின் தோல்பூருக்கும் இடையே சம்பல் பாலத்தைப் பகலில் கடப்பது பழைய லாரிக்காரர்கள் விடாமல் பிடித்துவந்த வழக்கம்; அதையும் கேட்டுக்கொண்டேன்.

என் மனைவி சேர்த்த விதி ஒன்றுதான். இருப்பதிலேயே அதுதான் கறாரானது. கழிவறையை அவள் நேரில் பார்த்துவிட்டு வந்து தலையசைத்த பிறகுதான் இன்ஜினை அணைக்க வேண்டும். இதனால் வழியில் சில நல்ல மரத்தடிகளை விட்டுவிட்டுப் போனோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பெண்கள் கூட வரும் பயணத்தில் இந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுத் திட்டம் போடுவது நியாயமில்லை.

ஐந்து மணி

சமவெளியில் ஒரு நாளுக்கு 350 முதல் 400 கி.மீ. என்று வைத்துக்கொண்டோம். நான்கு வழிச் சாலையில் டீ, சாப்பாடு, சுங்கச்சாவடி எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 55 கி.மீ.க்கு மேல் வராது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணி நேர ஓட்டம், நடுவே நல்ல ஓய்வு, மாலை ஐந்து மணிக்கு இடத்தில் இருக்கலாம்.

ஐந்து மணி என்பதை நாங்கள் பிடிவாதமாகக் காத்தோம். தெலங்கானாவில் நிர்மல் பக்கம் அது கைகொடுத்தது. அங்கே அகலமான முற்றம் உள்ள பங்க் ஒன்றைக் குறித்து வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், மீதியில் டேங்கர்கள் வரிசையாக நின்றன. வெளிச்சம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நோட்டைப் புரட்டினோம், அடுத்த இடத்துக்குப் போன் செய்தோம், ஆதிலாபாத் போகும் வழியில் ஒரு தாபாவின் பின்புறத்தில் இருட்டுவதற்குள் படுக்கையைப் போட்டுவிட்டோம். ஏழு மணிக்கு வந்திருந்தால் இதே மாற்றம் கண்ணைக் கூசும் எதிர் விளக்குகளில், தூக்கக் கலக்கத்தில், தெரியாத ஊரில் நடந்திருக்கும்.

இடத்துக்கு வந்ததும் தரையைப் பார்ப்பது என் வேலை. எவர்சில்வர் தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றிப் பலகையின் நடுவில் வைப்பேன். தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒரு வேப்பம்பலகை. தலைப்பக்கம் அரை விரல் உயர்ந்திருந்தால் நல்லது, கால்பக்கம் உயர்ந்தால் நடுராத்திரியில் தலை கனக்கும். பக்கவாட்டுச் சரிவு இரண்டையும்விட மோசம். இருவரில் ஒருவர் இரவெல்லாம் உருண்டு வந்துகொண்டே இருப்பார். மழைக்காலமானால் ஈர மண்ணின் நிறத்தையும் பார்க்க வேண்டும். கரிசல் மண் தரையில் நின்றுவிட்டு ராத்திரி மழை பெய்தால் காலையில் டிராக்டர் தேட வேண்டிவரும். தெலங்கானாவின் வடக்கிலும் விதர்பாவிலும் கரிசல்தான் அதிகம் என்பதால் கான்கிரீட்டோ சரளையோ போட்ட இடங்களை மட்டுமே குறித்தேன்.

ஏ.சி. இல்லாத தகரக் கூரைக்கு மேற்கு நிழல் உயிர் போன்றது. மாலை நான்கு மணிக்குமேல் வண்டியின்மீது வெயில் விழாதபடி மேற்கே ஒரு கட்டடமோ மரமோ இருந்தால் எட்டு மணிக்குள் உள்ளே சூடு தணிந்துவிடும். கிழக்கு நிழலைப் பற்றிக் கவலையில்லை, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவோம். செயற்கைக்கோள் படத்தில் இடத்தைத் தேடும்போதே மரம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம். ரயில் பாதை எவ்வளவு பக்கம், கல்யாண மண்டபம் ஒட்டியிருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். நாக்பூரிலிருந்து வடக்கே போகும் ரயில் பாதைகளில் இரவு முழுக்கச் சரக்கு ரயில் ஓடும், ஒரு கி.மீ. தள்ளியிருந்தாலும் காதில் விழும்.

படத்தில் தெரியாத சத்தம் ஒன்று உண்டு. அதற்குப் பஞ்சாங்கம் வேண்டும். விநாயகர் சதுர்த்தி ஆண்டுக்கு ஆண்டு ஆகஸ்ட் பிற்பகுதிக்கும் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் இடையே நகர்ந்துகொண்டிருக்கும். தெலங்கானாவிலும் மகாராஷ்டிரத்திலும் பத்து நாள் பந்தல், ஒலிபெருக்கி, கடைசியில் ஊர்வலம். நகரங்களில் சாலையே மாறிவிடும். அவர்கள் திருவிழா அவர்களுக்குச் சந்தோஷம், அதில் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் ஏழு மணி நேரம் ஓட்ட வேண்டியவன் பந்தலுக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது. சதுர்த்திக்கு முன்பே நாக்பூரைத் தாண்டிவிடும்படி கிளம்பும் நாளை வைத்தோம்.

சமவெளியின் ஹால்ட்கள்

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஓசூரில் விடிந்தது. பெங்களூருவின் எப்பாள் மேம்பாலத்தை எட்டு மணிக்குள் கடந்தால் அந்த நகரம் ஒரு தொல்லையும் தருவதில்லை. அன்றைய தங்கல் லேபாக்ஷி. நெடுஞ்சாலையிலிருந்து இந்துப்பூர் பக்கம் கொஞ்சம் விலகிப் போக வேண்டும். ஆந்திரச் சுற்றுலாத் துறை விடுதியில் ஓர் அறைக்குப் பணம் கட்டி, குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டு, வண்டியிலேயே படுத்தோம். முதல் இரவு எல்லா வசதியும் பக்கத்தில் இருப்பது நல்லது. பலகையில் எது கிரீச்சிடுகிறது, கொசுவலை எங்கே விலகுகிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரியும். சாயங்காலம் வீரபத்திரர் கோயிலின் தொங்கும் தூணையும் ஒரே கல்லில் செய்த நந்தியையும் பார்க்க நேரமும் இருந்தது.

இரண்டாம் தங்கல் கர்நூலைத் தாண்டி ஆலம்பூர், நவபிரம்மா கோயில்கள் இருக்கும் துங்கபத்திரைக் கரை ஊர். பிறகு ஹைதராபாத்தை வெளிவட்டச் சாலையில் சுற்றிக்கொண்டு நிர்மல் பக்கம். அடுத்தது நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டோரம். இங்கே நெடுஞ்சாலையை உயர்த்திக் கட்டி, விலங்குகள் அடியில் நடந்து போக இடைவெளி விட்டிருக்கிறார்கள். புலியும் மானும் அந்த வழியைப் பயன்படுத்துகின்றன. அப்படியிருந்தும் காட்டோரத்தில் இரவு ஓட்டமோ சாலையோரப் படுக்கையோ வேண்டாம் என்று முடிவெடுத்து, கவாசா கிராமத்திலிருந்து துரியா வாயில் போகும் பாதையில் ஒரு விடுதியின் மதிலுக்குள் நின்றோம். அதன் பின் சாகர். சாகரில் ஊருக்கு வெளியே தாபா, சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பருப்பு.

ஓர்ச்சாவில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கினோம். ஜான்சியிலிருந்து பக்கம்தான். பேத்வா ஆறு, அதன் கரையில் அரசர்களின் சமாதி மண்டபங்கள், நிறைய மரம். இத்தனை தொலைவில் ஓரிடத்தில் துணி துவைத்துக் காயப்போடும் நாள் ஒன்று கட்டாயம் வேண்டும். தங்கல்களைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் இந்த நாளை மறந்துவிடுகிறார்கள். பயணத்தின் மூன்றில் ஒரு பங்கில், கூட்டமில்லாத, தண்ணீர் தாராளமாக உள்ள ஊரில் அதை வைக்க வேண்டும். பெரிய நகரத்தில் வைத்தால் ஓய்வு நாளும் போக்குவரத்தில் போய்விடும்.

மதுராவில் யாத்திரிகர் தர்மசாலை ஒன்றின் முற்றம் கிடைத்தது. அங்கிருந்து டெல்லிக்குள் நுழையாமல், பல்வலில் கிழக்குப் புறவழி விரைவுச் சாலையில் ஏறி, 135 கி.மீ. சுற்றிக் குண்ட்லியில் மறுபடி 44-இல் இறங்கினோம். பக்கத்திலேயே மூர்த்தல். இரவு பகல் திறந்திருக்கும் தாபாக்கள், கடல் போன்ற வாகன நிறுத்தம், வெண்ணெய் உருகும் பரோட்டா. பாதுகாப்பில் குறையில்லை, கழிவறையும் சுத்தம். தூக்கம்தான் கிடைக்காது, நள்ளிரவு இரண்டு மணிக்கும் டெல்லியிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சாப்பிட வருவார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு கர்னால் பக்கம் போய்ப் படுப்பது மேல்.

ஒவ்வொரு மாலையும் நின்ற இடத்தின் பெயரைச் சித்தப்பாவுக்குப் போனில் சொல்லிவிடுவேன். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112 என்ற எண்கள் கண்ணாடிக்குமேல் ஒட்டியிருந்தன. இருந்தாலும் நாம் எங்கே இருக்கிறோம் என்பது ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது வேறு வகைத் தைரியம்.

மலையடிவாரத்துத் தங்கல் கீரத்பூர் சாகிப். சட்லெஜ் ஆற்றங்கரையில் பெரிய குருத்வாரா, சீக்கியர்களின் கோயில். வாசலில் சேவாதாரிடம், அதாவது அங்கே தொண்டு செய்பவரிடம், நாமக்கல்லிலிருந்து வருகிறோம் என்றதும் வண்டியை எங்கே விட வேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். தலையை மூடிக்கொள்ள வேண்டும், புகையிலை, மது எதுவும் வளாகத்துக்குள் வரக் கூடாது. லங்கர் என்னும் பொதுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு என் மனைவி ரொட்டி உருட்டும் பெண்களின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் தட்டுக் கழுவினேன். மொழி தெரியாத ஊரில் இவ்வளவு நிம்மதியாக வேறெங்கும் நாங்கள் படுக்கவில்லை.

படுக்கும் உயரம்

மணாலியில் நோட்டின் கட்டங்களை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இங்கிருந்து கி.மீ. கணக்குக்கு இரண்டாம் இடம்தான். ஒவ்வொரு தங்கலுக்கும் எதிரே முதலில் எழுத வேண்டியது, அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது.

உயரத்தில் காற்று மெலிவதால் உடம்பு பழக நேரம் வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இன்று படுக்கும் உயரம் நேற்றைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினாலும் கணக்கில் வருவது பெரும்பாலும் படுக்கும் இடம்தான். தலைவலியோடு குமட்டல், மயக்கம், பசியின்மை வந்தால் மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்த விதியை வைத்து மணாலி–லே சாலையைப் பாருங்கள். மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கத்தைத் தாண்டினால் சிஸ்ஸு, கேலாங், ஜிஸ்பா. எல்லாம் 3,100, 3,200 அளவில். அதுவரை சரி. ஜிஸ்பாவுக்கு அப்பால் சாலை 4,890 மீட்டர் அளவிலுள்ள பாராலாச்சா கணவாயில் ஏறி, 4,300 மீட்டர் அளவில் சார்ச்சூவில் இறங்குகிறது. பலரும் அங்கேதான் கூடாரத்தில் தங்குகிறார்கள். ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் படுக்கை உயர்ந்துவிடும். அடுத்த தங்கலான பாங் 4,600 அளவில், இன்னும் மோசம்.

உயரத்தைவிட எனக்கு அச்சம் தந்தது அந்த இடங்களின் அமைப்பு. சார்ச்சூவில் ராத்திரி உடம்பு சரியில்லாமல் போனால் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஏற வேண்டும்! தெற்கே பாராலாச்சா, வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுங் கணவாய். பாங்கிலும் இதே கதை: ஒரு பக்கம் லாச்சுங், மறுபக்கம் 5,300 அளவில் தாங்லாங். நோயாளியை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோய்த்தான் கீழே கொண்டுவர முடியும். கூடார உரிமையாளர்கள் நல்லவர்கள், போர்வை நிறையத் தருகிறார்கள். பாங்கில் ராணுவ முகாமும் இருக்கிறது. ஆனால் சமவெளியிலிருந்து வந்தவன் முதல் தடவையே படுப்பதற்கு ஏற்ற இடங்கள் இவையல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

நாங்கள் போட்ட கணக்கு இப்படி. மணாலியில் இரண்டு இரவு. சிஸ்ஸுவில் ஓர் இரவு. தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் நிரப்பினோம். 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று பிரபலமான பலகை நிற்கும் இடம் அதுதான். ஏற்றத்தில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் இரண்டு கேன்களிலும் நிரப்பிக்கொண்டோம். பிறகு ஜிஸ்பாவில், பாகா ஆற்றங்கரையில், மூன்று இரவு. நடுவில் ஒரு பகலில் தீபக் தால் ஏரியைத் தாண்டி ஜிங்ஜிங் பார் வரை ஏறி, ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, சாயங்காலம் ஜிஸ்பாவுக்கே இறங்கிப் படுத்தோம். உடம்பு உயரத்தைத் தொட்டுவிட்டு வந்தால் பழகிக்கொள்ளும். புறப்படுவதற்கு முன்பே ஊரில் மருத்துவரைப் பார்த்து, எங்களுக்கு எந்த மாத்திரை ஒத்துவரும் என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். இதை யாரும் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஜிஸ்பா குளிரில் வண்டிக்குள்ளேயும் பழக்கங்கள் மாறின. செப்டம்பர் விடியலில் கூரையின் உட்புறத்தைத் தொட்டால் விரல் நனைந்தது. இருவர் மூச்சின் ஈரம் முழுவதும் தகரத்தில் முத்து முத்தாகக் கோத்து, கதவோரத்தில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால் ஈரம் படுக்கையில் இறங்கிவிடும். எதிரெதிர் சன்னல்களை இரண்டு விரல் இடைவெளிக்குத் திறந்துவைத்து, உள்பக்கம் காந்தப் பட்டையில் வலையை ஒட்டி, ஒரு போர்வை கூடுதலாகப் போர்த்திக்கொண்டோம். மறுநாள் கூரை பெரும்பாலும் காய்ந்திருந்தது. வண்டிக்குள் சூட்டுக்காக அடுப்பை எரிப்பது உயிரை எடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெந்நீர்ப் பையே போதும்.

காலையில் அடுப்புச் சுடர் குறுகிவிட்டது. சிலிண்டரில் உள்ள பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய குளிரில் வாயுவாக மறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள வாளியில் சிலிண்டரின் அடிப்பாகத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்ததும் சுடர் எழுந்தது. நெருப்பை மட்டும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேகாது. குக்கர் இல்லாமல் ஜிஸ்பாவுக்கு மேல் அரிசியைக் கொண்டுபோவது வீண் சுமை. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் அதற்கும் ஒரு பழைய கம்பளியைச் சுற்றினோம்.

ஜிஸ்பாவிலிருந்து உப்ஷி

கடைசி நீண்ட நாளில் சார்ச்சூவிலும் பாங்கிலும் தங்காமல், ஜிஸ்பாவிலிருந்து நேராக உப்ஷி. ஏறக்குறைய 290 கி.மீ. சமவெளியில் ஐந்து மணி நேர ஓட்டம். இங்கே பதின்மூன்று மணி நேரம் ஒதுக்கினோம். உப்ஷி சிந்து நதிக்கரையில் 3,400 மீட்டர் அளவில் இருக்கிறது. ஆக, படுக்கும் உயரம் முந்தின இரவிலிருந்து இருநூறு மீட்டர்தான் கூடுகிறது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாலையைக் குறுக்கே அறுத்து ஓடும் பனி உருகிய ஓடைகள் விடியலில் வற்றியிருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் பாய்ச்சலாகிவிடும். தரை இடைவெளி குறைந்த வண்டிக்குக் காலை ஒன்பது மணிக்குள் அவற்றைத் தாண்டுவதே பாதுகாப்பு. திரும்பும் நேரம் ஒன்றையும் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தோம்: பத்து மணிக்குள் சார்ச்சூவை அடையாவிட்டால், அல்லது இருவரில் ஒருவருக்குத் தலைவலி ஏறினால், பேச்சே இல்லாமல் ஜிஸ்பாவுக்குத் திரும்புவது. அதற்கு அப்பால் திரும்புவது கடினம்.

ஒன்பதரைக்குச் சார்ச்சூ. காட்டா வளைவுகளின் 21 திருப்பங்களை முதல், இரண்டாம் கியர்களிலேயே ஏறினோம். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். இன்ஜினுக்கும் மூச்சு போதாது. வேகத்தைப் பிடிக்க முயலாமல், பின்னால் வரும் லாரிகளுக்கு வழிவிட்டு, வெப்பமானி முள்ளைப் பார்த்துக்கொண்டே ஏறினால் ஏறிவிடுகிறது. பிற்பகல் ஒன்றரைக்குப் பாங்கில் நூடுல்ஸ். மோரே சமவெளியின் நேர்கோட்டுச் சாலையில் இழந்த நேரத்தை மீட்டோம். தாங்லாங் உச்சியில் படம் எடுக்க மட்டும் இறங்கி, ஐந்து நிமிடத்தில் கிளம்பினோம். ஆறரைக்கு உப்ஷி சோதனைச் சாவடியில் பெயரைப் பதிந்துவிட்டு, சாப்பாட்டுக் கடை ஒன்றின் பக்கச் சுவரோடு வண்டியை ஒட்டினோம். மனைவி கழிவறையைப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தாள்.

லேயில் ஒரு தோட்டத்து வீட்டுக்காரர் ஆப்பிள் மரத்தடியில் இடம் தந்தார். அங்கே தங்கிய நாள்களில் திரும்பும் வழியைப் போட்டேன்: லாமாயூரு, கார்கில், சோன்மார்க், ஸ்ரீநகர். அதை எழுதும்போதுதான் முழுக் கணக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோன்மார்க் 2,700-ஐத் தாண்டும், கார்கில் 2,676, லாமாயூரு 3,500 அளவில், லேயும் ஏறக்குறைய அதே. அந்தப் பாதையில் ஏறினால் எந்த இரவிலும் 3,500-ஐப் பெரிதாகத் தாண்டிப் படுக்க வேண்டியதில்லை, நடுவே வரும் கணவாய்களைப் பகலில் கடந்துவிடலாம். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் ஸ்ரீநகர் வழியாக ஏறி, உடம்பு பழகிய பிறகு மணாலி வழியாக இறங்கட்டும். ஈரோட்டில் இருக்கும் என் தங்கை குடும்பம் அடுத்த கோடையில் இரண்டு பிள்ளைகளோடு கிளம்புகிறது. அவர்களுக்கு அப்படித்தான் பக்கங்களைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கார்கிலில் இரண்டு இரவு, சார்ச்சூவுக்கும் பாங்குக்கும் எதிரே 'சாப்பாடு மட்டும்'.